மழையில்லாத நாளின் வெள்ளம்

பூகோளத்திலேயே ஊறிய ஒருவரை மொழி வகுப்புக்கும், கால்பந்து சொல்லிக்கொடுக்க வந்த இளைஞனைப் பூகோள வகுப்புக்கும் அனுப்பிய பள்ளிக்கூடம் அது. ஹோ சி மின் நகரத்தில், சைகோன் ஆறு வளைந்து திரும்பும் தாவோ தியென் பகுதியில், வேலைக்காக வந்து குடியிருக்கும் இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகக் காரைக்குடிக்காரர் கருப்பையா அதை நடத்திவந்தார். வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, வகுப்புக்கு வகுப்பு பெரிய திரை. எந்தப் பாடத்தை யார் நடத்துகிறார்கள் என்பதைப் பற்றி மட்டும் அங்கே யாருக்கும் வெட்கமில்லை.

ஜோசெட் மதாம் அங்கே வியட்நாமிய மொழி டீச்சர். அப்பா அகுஸ்தேன் காரைக்காலிலிருந்து வந்து ஒரு பிரெஞ்சுக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். அம்மா வியட்நாமியர். எழுபத்தைந்தில் போர் முடிந்து சைகோன் விழுந்தபோது ஜோசெட்டுக்கு வயது பதினேழு. பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதம் வைத்திருந்த புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விமானம் ஏறின. தன் மனிதர்களை விட்டு வரமாட்டேன் என்று அம்மா உட்கார்ந்துவிட்டதால் அப்பாவும் தங்கிவிட்டார். அப்பாவிடம் கற்ற காரைக்கால் தமிழ் ஜோசெட்டின் வாயில் அப்படியே நின்றுபோனது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவருக்குப் பூகோளம் கிடைத்தது. விரும்பிக் கேட்டதல்ல, இடம் இருந்தது அதில்தான். ரேஷன் அரிசியில் பாதிக்கு வேறு தானியம் கலந்து கொடுத்த எண்பதுகள் அவை. முதல் வருஷம் மற்றவர்களைப் போலவே புத்தகத்தில் இருந்ததைக் கரும்பலகையில் எழுதிப்போட்டார், பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும் என்று ஒருநாள் எழுதிக்கொண்டிருக்கும்போது, கா மாவ் பக்கத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒருத்தி எழுந்தாள். தன் ஊரில் ஒருமுறைதான் ஏறுகிறது, அது ஏன் என்று கேட்டாள்.

புத்தகத்தில் பதிலில்லை. ஜோசெட்டிடமும் இல்லை. “எனக்குத் தெரியவில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்றார். பக்கத்து வகுப்பு ஆசிரியர் இதைக் கேட்டுவிட்டு, பிள்ளைகள் முன்னால் அப்படியெல்லாம் சொல்லக்கூடாது என்று அறிவுரை சொன்னார். ஜோசெட் அந்த விடுமுறையில் பஸ் பிடித்து நாட்டின் தென்கோடிக்கே போனார். கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் நின்று தண்ணீர் ஏறுவதையும் வற்றுவதையும் தன் கண்ணால் பார்த்தார். திரும்பிவந்து பல்கலைக்கழக நூலகத்தில் பழைய பிரெஞ்சுப் புத்தகங்களைப் புரட்டினார். கிழக்கே திறந்த கடல், மேற்கே வளைகுடா. கடலின் வடிவமும் ஆழமும் மாறினால் நிலவின் இழுப்புக்குத் தண்ணீர் ஆடுகிற ஆட்டமும் மாறுகிறது என்று புரிந்தபோது அவருக்குத் தூக்கம் போய்விட்டது. அதுவரை பிழைப்பாக இருந்த பூகோளம் அதற்குப் பிறகு அவரை விடவில்லை. ஒவ்வொரு வருஷமும் அதே பாடத்தைப் புதிதாகத் தயாரித்தார். விடுமுறை வந்தால் டெல்டாவில் எங்காவது வாய்க்கால் ஓரம் நின்று, உப்புத்தண்ணீர் எதுவரை ஏறியது என்று விசாரித்துக்கொண்டிருப்பார். கூட வேலை பார்த்தவர்கள் அவரைக் கொஞ்சம் மறை கழன்றவர் என்றே நினைத்தார்கள்.

ஐம்பத்தைந்து வயதில் அரசுப் பள்ளியில் ஓய்வு. அதற்குப் பிறகுதான் கருப்பையாவின் பள்ளிக்கு வந்தார். பூகோளம் தாருங்கள் என்றுதான் கேட்டார். “ஒங்க படிப்பெல்லாம் வியட்நாமில படிச்சது டீச்சர். பேரண்ட்ஸ் ஒத்துக்கமாட்டாக. நீங்க மொழி எடுங்க” என்று கருப்பையா முடித்துவிட்டார்.

விஷயம் நடந்தது ஓர் அக்டோபர் மாதம். மழை நின்று நாலைந்து நாளாகியிருந்தது, வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. ஆனால் தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். சாக்கடை மூடிகளின் வழியாகக் கறுப்பாக நுரைத்துக்கொண்டு மேலே வந்தது. பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார்கள்.

அன்று ஆறாம் வகுப்பில் ஜோசெட் வானத்தில் இருப்பவற்றின் பெயர்களை வியட்நாமியத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சூரியன் போனது, நட்சத்திரம் போனது. நிலாவுக்கான சொல்லைப் பலகையில் எழுதியதும் வகுப்பே சிரித்தது. எல்லாத் தலைகளும் சிவகாமி என்ற பெண்ணின் பக்கம் திரும்பின. அவள் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

சிவகாமி அந்த வகுப்பில் ஓயாமல் கேட்கிற பெண். அப்பா தூ டுக்கில் ஒரு கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலையில் எஞ்சினியர். மணி அடித்த பிறகு ஜோசெட் அவளை நிறுத்திக் கேட்டார்.

“எதுக்கும்மா எல்லாரும் சிரிச்சாங்க?”

“ஒண்ணுமில்ல மிஸ்.”

“ஒண்ணுமில்லாததுக்கா நீ அழுற?”

அவள் பையிலிருந்து பூகோளத் தேர்வுத் தாளை எடுத்துக் கொடுத்தாள். நகரங்களில் வெள்ளம் வருவதற்கு இரண்டு காரணங்கள் தருக என்று கேள்வி. பலத்த மழை என்று ஒன்று எழுதியிருந்தாள், அதற்குச் சரி போட்டிருந்தது. இரண்டாவதாக ‘நிலா’ என்று எழுதி, கீழே இரண்டு வரி விளக்கமும் எழுதியிருந்தாள். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் தண்ணீர் வருகிற நாட்களில் நிலா முழுசாக இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை, பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறேன் என்று. அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்புக் கோடு. பக்கத்தில், ‘விளையாடாதே’.

“சார் கிளாஸ்ல படிச்சுக் காட்டினாரு மிஸ். அப்புறம் எல்லாரும் என்னை நிலான்னு கூப்பிடுறாங்க” என்றாள்.

ஜோசெட் அந்த இரண்டு வரியைத் திரும்பப் படித்தார். பெரியவர்கள் பலர் இந்த ஊரில் வருஷக்கணக்காக இருந்தும் கவனிக்காததை ஒரு குழந்தை தானே பார்த்து, தானே யோசித்து, தானே கண்டுபிடித்திருக்கிறது. எந்தப் புத்தகமும் அதற்குச் சொல்லித்தரவில்லை. அதைக் கையில் வாங்கி மகிழ்ந்திருக்க வேண்டியவன், அந்தப் பாடத்துக்கு வாத்தியார் என்று சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவன், அதை அடித்துப்போட்டுவிட்டு ஊர் சிரிக்க வைத்திருக்கிறான்.

அந்தத் தாளோடு நேரே ஆசிரியர் அறைக்குப் போனார். பூகோளம் நடத்துகிற எட்மோன் டீ குடித்துக்கொண்டிருந்தான். புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரன், கலகலப்பானவன், பிள்ளைகளுக்கு அவனைப் பிடிக்கும். அவனைப் பார்த்தால் எளிதில் கோபம் வராது. அன்று வந்தது.

“எட்மோன் தம்பி, காலையில ஸ்கூலுக்கு எப்படி வந்தீங்க?”

“ஷூவைக் கையில தூக்கிக்கிட்டுதான் மதாம். ரோடெல்லாம் தண்ணி.”

“மழ பெஞ்சுதா?”

“இல்ல. ட்ரைனேஜ் அடைச்சிருக்கும்.”

“போன பௌர்ணமிக்கும் அடைச்சுது. அதுக்கப்புறம் அமாவாசைக்கும் அடைச்சுது. நாள் பாத்தா அடைக்குது?”

அவன் டம்ளரை வைத்தான். ஜோசெட் தாளை அவன் முன்னால் விரித்தார்.

“இந்த ஆத்துல கடல் உள்ள வருது தம்பி. ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஆறு திரும்பி மேல ஓடுது. பாலத்துல நின்னா ஆகாயத்தாமரை எதுத்துப் போறதப் பாக்கலாம். நிலாவும் சூரியனும் ஒரே கோட்டுல நிக்கிற நாள்ல அது இன்னும் ஏறி, சாக்கடைக் குழாய் வழியாத் தெருவுக்கு வருது. அந்தப் பொண்ணு எழுதுனது சரி. நீங்க தப்புப் போட்டிருக்கீங்க.”

எட்மோன் கம்ப்யூட்டரைத் திறந்து விடைக் குறிப்பைக் காட்டினான். “இதுல பாருங்க மதாம். மழை, வடிகால் அடைப்பு, ஏரியில வீடு கட்டுறது, அவ்ளோதான். நிலா இல்ல.”

“இத எழுதுனவரு தாவோ தியெனுக்கு வந்திருக்காரா?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் கேட்டு வாங்கின பாடமா இது? நான் வந்தது ஃபுட்பால் கோச்சா. ஜூன்ல கூப்பிட்டு, பூகோளம் பாத்தவரு போயிட்டாரு, நீ பாத்துக்கன்னாங்க. ஸ்லைடு இருக்கு, படிச்சுக் காட்டுன்னாங்க. காட்டுறேன்.”

“தெரியாததுல தப்பில்ல. உங்களுக்குத் தெரியாதுன்னு உங்களுக்கே தெரியும். அப்படி இருந்தும் அத வச்சு ஒரு புள்ளயப் பாத்து எப்படிச் சிரிச்சீங்க?”

நாளைக்கு வகுப்பில் திருத்திச் சொல்லுங்கள் என்று ஜோசெட் கேட்டதற்கு, “சொன்னா அப்புறம் எவன் மதாம் என்னை மதிப்பான்?” என்றான்.

கருப்பையா கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஊரிலுள்ள தமிழ்க் கோயிலில் எந்த விசேஷமென்றாலும் முதல் ஆளாக நிற்பார். பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சூடாக இருக்கிறதா என்று தானே போய்ப் பார்ப்பார். சாம்பாரில் உப்புக் குறைந்தால் சமையல்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறவர், வாத்தியாரிடம் விஷயம் குறைவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஜோசெட்டுக்கு அதுதான் ஆறவில்லை.

“என்ன டீச்சர், ஒரு மார்க்குக்கா இம்புட்டுத் தூரம் வந்திய? போட்டுறச் சொல்றேன், விடுங்க” என்றார் கருப்பையா, தன் அறைக்கு வந்து நின்ற ஜோசெட்டிடம்.

“மார்க்கு நான் கேக்கல முசே. பூகோளம் தெரிஞ்ச ஆளப் போடுங்கன்னு கேக்குறேன்.” ஐயா என்பதற்கு அவர் வாயில் பிரெஞ்சு முசேதான் வரும்.

“இப்ப எல்லாம் ஸ்லைடுல இருக்குல்ல. வகுப்பச் சத்தமில்லாம வச்சிருக்கணும், புள்ளைககிட்ட நல்லாப் பேசணும். ஒரு பாடம் முன்னாடி படிச்சுக்கிட்டா யாரும் எதையும் நடத்தலாம்.”

“உங்க சமையல்காரரு ஒரு பக்கம் முன்னாடி படிச்சுக்கிட்டு வந்து சமைச்சா சாப்பிடுவீங்களா?”

கருப்பையா சிரித்தார். அந்தச் சிரிப்பு ஜோசெட்டை இன்னும் உசுப்பிவிட்டது.

“முசே, ஸ்லைடுல இருக்கிறதக் கேக்குற புள்ளைக்கு ஸ்லைடு போதும். இல்லாததக் கேக்குற புள்ளைக்கு என்ன பண்ணுவீங்க? பாடம் தெரிஞ்சவருக்கு அந்தக் கேள்வி கேட்டா சந்தோஷம். தெரியாதவருக்கு பயம். பயந்தவரு என்ன பண்ணுவாரு, புள்ளயோட வாய அடைப்பாரு. அதான் நடந்திருக்கு.”

“நீங்க மொழிய மட்டும் பாருங்க டீச்சர்” என்றார் கருப்பையா. இந்தத் தடவை சிரிக்கவில்லை.

ஜோசெட் மொழியை மட்டும் பார்க்கவில்லை. அடுத்த மாத அமாவாசைக்கு மறுநாள் மாலையில் பெற்றோர் கூட்டம் என்று அறிவிப்பு ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்குப் போய், அன்றைக்கு வேண்டாம், தெருவில் தண்ணீர் நிற்கும் என்றார். மழை இருக்காது என்று போனில் காட்டுகிறது என்றார்கள். மழை இருக்காது, தண்ணீர் இருக்கும் என்றார். கருப்பையாவின் காதுக்குப் போனது. அந்த டீச்சருக்கு இப்போது நிலாப் பைத்தியம் என்று அவர் சொன்னதாகத் திரும்பி வந்தது.

அதே வாரத்தில் எட்மோன் ஒருநாள் மொழி வகுப்பின் கதவோரம் வந்து நின்றான். பாலத்தில் போய் நின்று பார்த்தானாம். ஆகாயத்தாமரை எதிர்த்துப் போனதாம்.

“ஒண்ணு இடிக்குது மதாம். பௌர்ணமி மாசாமாசம் வருது. ஏப்ரல்ல ரோட்டுல தண்ணி ஏறலயே. அக்டோபர், நவம்பர்ல மட்டும் ஏன்?”

அவன் அந்தப் பள்ளிக்கு வந்ததிலிருந்து பூகோளத்தில் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“பாதி தெரியும். மழைக்காலம் முடியிற நேரம், மேலேருந்து ஆறும் நெறஞ்சு வருது. வாடைக்காத்து கடலத் தள்ளிக் கரையில ஏத்துது. மீதிப் பாதி எனக்குச் சரியாத் தெரியாது. இந்த ஊரு நெலமே உள்ள எறங்குதுன்னு சொல்றாங்க, அது எவ்வளவுன்னு நானே தேடிக்கிட்டிருக்கேன்.”

“நெலம் எறங்குதா?”

“தேடிப் பாருங்க. கெடைச்சா எனக்கும் சொல்லுங்க.”

பெற்றோர் கூட்டத்தன்று ஒரு சொட்டு மழை இல்லை. பொழுது சாயும் நேரத்தில் சாக்கடை மூடிகள் குமுறத் தொடங்கின. முதல் கார் வந்தபோது டயர் நனைந்தது. கடைசிக் கார் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. பட்டுப்புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டும், பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டும் பெற்றோர்கள் உள்ளே வந்தார்கள். பளபளத்த தரையெல்லாம் சேற்றுக் காலடி. முன்வரிசையில் இருந்த சிவகாமியின் அம்மா மீனாள்தான் முதலில் கேட்டாள்.

“மழையே இல்லையே, இவ்வளவு தண்ணி எங்கேருந்து வருது?”

கருப்பையா, நகராட்சிக்காரர்கள் சரியில்லை, வடிகால் அடைப்பு என்று தொடங்கினார். பின்னாலிருந்து எட்மோன் எழுந்தான்.

“அடைப்பு இல்லைங்க. கடல் ஏறுது. இன்னிக்கு ஏறும்னு ஜோசெட் மதாம் முன்னாடியே சொன்னாங்க, யாரும் கேக்கல. அதுக்கு முன்னாடி உங்க பொண்ணு சிவகாமி பரிட்சையில எழுதியிருந்தா. நான்தான் தப்புப் போட்டேன். கிளாஸ்ல சிரிக்கவும் வச்சேன். எனக்குப் பூகோளம் தெரியாது. நான் ஃபுட்பால் கோச்.”

கூடத்தில் எழுந்த சத்தம் அடங்க வெகுநேரமானது. என் பையனுக்குக் கெமிஸ்ட்ரி நடத்துகிறவர் என்ன படித்திருக்கிறார் என்று ஒருவர் கேட்டார். கணக்கு நடத்துகிறவர் யார் என்று இன்னொருவர் கேட்டார். கருப்பையா முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பக்கத்திலிருந்த மகளிடம் என்னவோ கேட்டுவிட்டு மீனாள் எழுந்து வெளியே போனாள். அவள் முகத்தில் கோபத்தைவிட, இவ்வளவு நாள் தனக்குத் தெரியாமல் போனதே என்ற வேதனைதான் இருந்தது.

எட்மோனை உடனே அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஜோசெட் மறுநாள் கருப்பையாவின் அறைக்குள் அழைக்கப்படாமலே போனார்.

“அந்தத் தம்பிய அனுப்பினா நானும் போறேன். இந்தப் பள்ளிக்கூடத்துல தெரியாதத தெரியாதுன்னு சொன்ன ஒரே வாத்தியாரு அவருதான்.”

பெற்றோர்களின் சத்தமும் சேர்ந்துகொள்ள, கருப்பையா இறங்கிவந்தார். எட்மோன் மைதானத்துக்குத் திரும்பினான். ஆறாம் வகுப்புக்கு மட்டும் பூகோளம் ஜோசெட்டுக்கு வந்தது. மற்ற வகுப்புகளுக்கு? வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை எழுப்பி, ஸ்லைடைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

ஜோசெட் முதல் நாளே ஆறாம் வகுப்பைப் பாலத்துக்கு அழைத்துப் போனார். ஆறு திரும்புகிற நேரத்தில் தண்ணீர் ஓடாமல் ஒரு கணம் அசைவற்று நின்றதைப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். கேள்விகள் பொலபொலவென்று வந்தன. பாதிக்கு ஜோசெட்டிடம் பதில் இருந்தது, மீதிக்கு எல்லோருமாகத் தேடினார்கள். நிலம் இறங்குகிற கணக்கைக்கூடத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தான் எட்மோன். நிலத்தடி நீரை உறிஞ்சுவதும் ஒரு காரணமாம்.

சிவகாமி மட்டும் எதுவும் கேட்கவில்லை.

அவளை யாரும் இப்போது கேலி செய்யவில்லை. எட்மோன் வகுப்பின் முன்னால் மன்னிப்புக் கேட்டிருந்தான். ஆனாலும் அவள் ஜோசெட் சொல்வதை எழுதிக்கொண்டாள், கேட்டால் பதில் சொன்னாள், அவ்வளவுதான். ஜோசெட் எத்தனையோ விதமாகக் கதவைத் திறந்து வைத்தார். பெண் வாசல்வரைகூட வரவில்லை. வருஷக் கடைசித் தேர்வுக்கு வெளியிலிருந்து கேள்வித்தாள் வந்தது, நகர வெள்ளத்துக்குக் காரணங்கள் அதிலும் இருந்தன. பலத்த மழை, வடிகால் அடைப்பு, ஏரி ஆக்கிரமிப்பு என்று சிவகாமி வரிசையாக எழுதியிருந்தாள். விடைக் குறிப்புப்படி முழு மதிப்பெண். அதை ஜோசெட்டே போட வேண்டியதாயிற்று.

அந்தத் தாளைப் பார்த்துக் கருப்பையா மகிழ்ந்துபோனார். “பாத்தியளா டீச்சர், இப்ப எப்பிடி எழுதுது. எல்லாம் ஒங்க கைராசி.”

“என் கைராசி இல்ல முசே. இது நாம பண்ணுன பாவம். அந்தப் பொண்ணுக்கு இதவிட அதிகமாத் தெரியும். தெரிஞ்சத எழுதுனா அடிவிழும்னு கத்துக்கிச்சு. இந்த வருஷம் நம்ம பள்ளிக்கூடம் அதுக்கு ஒழுங்காச் சொல்லிக்கொடுத்த பாடம் அது ஒண்ணுதான்.”

கருப்பையாவுக்கு விளங்கவில்லை. முழு மதிப்பெண் வாங்கிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு டீச்சர் ஏன் இப்படிக் கொதிக்கிறார் என்று உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. அந்தக் கோடையில் சிவகாமியின் அப்பாவுக்குப் பெங்களூருக்கு மாற்றலாகிக் குடும்பம் போய்விட்டது. போன இடத்தில் அவளுக்கு வாய்த்த வாத்தியார் எப்படிப்பட்டவரோ, ஜோசெட்டுக்குத் தெரியாது. அதை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

ஒவ்வொரு ஜூனிலும் யாருக்கு எந்தப் பாடம் என்று பிரித்துக்கொடுக்கிற கூட்டம் நடக்கும். அதில் ஜோசெட் எழுந்து நின்று, பாடம் வாங்குகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார்: “இந்தப் பாடத்துல கடைசியா நீங்களாப் புதுசா ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டது என்ன? எப்ப?” சிலர் தரையைப் பார்ப்பார்கள். சிலர் முறைப்பார்கள். கெமிஸ்ட்ரி நடத்த வந்த ரோஸ் என்ற பெண் மட்டும் ஒருமுறை, மீன் சாஸ் எப்படிப் புளிக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லி மளமளவென்று பேசத் தொடங்கிவிட்டாள். கருப்பையா நடுவில் புகுந்து நிறுத்த வேண்டியதாயிற்று.

இந்தக் கேள்வியின் தொல்லை தாங்காமல் போன வருஷம் கூட்டத்தை, ஜோசெட்டுக்கு வகுப்பில்லாத சனிக்கிழமைக்கு மாற்றிவைத்தார்கள். யாரும் அவருக்குச் சொல்லக்கூடாது என்று கருப்பையா எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். காலையில் கருப்பையா கூடத்துக்குள் நுழைந்தபோது, முதல் வரிசையில் ஜோசெட் மதாம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் எட்மோன்.